மனிதருக்காக எழுதிய உரையிலிருந்து சாவியும் மதிப்பும்: எந்தப் பார்சரைத் தேர்ந்தெடுப்பது?

மனிதர் படிப்பதற்கென்று எழுதப்பட்ட உரையை ஒரு நிரல் படித்து, அதிலுள்ள செய்திகளைச் சாவி–மதிப்பு இணைகளாக ஒரு டிக்ஷனரியில் (சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் சேமிப்பு) சேர்த்துக்கொள்ள வேண்டிய தேவை நிரலாளர்களுக்கு அடிக்கடி வருகிறது. கட்டளைகளின் வெளியீடு, கருவிகள் அனுப்பும் நிலை அறிக்கை, மின்னஞ்சலின் தலைப்பு வரிகள், யாரோ கைப்பட எழுதி வைத்த அமைவுக் கோப்பு என்று மூலங்கள் பல. வழிகளும் பல: வரிவரியாகப் பிரித்து முதல் முக்காற்புள்ளியில் வெட்டலாம், ரெஜெக்ஸ் (எழுத்துக் கோலங்களைத் தேடும் குறிமொழி) எழுதலாம், யாமல், டோமல் போன்ற அமைவுக் கோப்பு வடிவங்களுக்கென உள்ள ஆயத்தப் பார்சரிடம் (உரையைப் பகுத்துத் தரும் நிரல்) கொடுக்கலாம், இலக்கணம் வகுத்து முழுமையான பார்சர் ஒன்றைக் கட்டலாம், இப்போது பெருமொழி மாதிரியிடமும் கேட்கலாம். இவற்றை வேகத்தாலும் எழுதும் எளிமையாலும் ஒப்பிடுவதே வழக்கம். என் பார்வையில் அவை இரண்டாம் நிலைக் கேள்விகள். எதிர்பாராத உரை வரும்போது ஒரு வழி எப்படித் தவறுகிறது என்பதே முதலில் கேட்க வேண்டியது. பிழை என்று சொல்லி நின்றுவிடும் பார்சரை அன்றே திருத்திவிடலாம். தவறான மதிப்பைச் சரியான மதிப்பின் தோற்றத்தில் தந்துவிட்டு நகரும் பார்சர், தரவுத்தளத்தில் எவ்வளவு காலம் குப்பை சேர்த்தது என்பதைப் பிறகு தோண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்குள் செல்லுமுன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: பகுக்கும் வேலை உண்மையிலேயே தேவையா? மனிதருக்கான வெளியீட்டைத் தரும் பல கருவிகள் நிரலுக்கான வெளியீட்டையும் தனியே தருகின்றன. நிரல் பதிப்புகளைப் பேணும் கிட் கருவியின் ‘போர்சலின்’ தெரிவு இதற்கென்றே இருப்பது. பதிப்புகள் மாறினாலும் பயனரின் அமைவுகள் மாறினாலும் அதன் வடிவம் மாறாது என்று உறுதியளிக்கப்படுகிறது. லினக்ஸில் பிணைய முகவரிகளையும் வட்டுப் பிரிவுகளையும் காட்டும் கட்டளைகள், நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவில் விடை தரும். அத்தகைய கதவு திறந்திருக்கையில், அழகாக நெடுவரிசை கட்டிய உரையைப் பகுக்க முனைவது வீண் உழைப்பு. மனிதருக்கான வெளியீடு, கணினியின் மொழி அமைவு மாறினாலே சொற்கள் மாறிவிடக்கூடியது. அடுத்த பதிப்பில் ஒரு நெடுவரிசை கூடினாலும் அதை உருவாக்கியவர் யாரிடமும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

கதவு மூடியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எல்லா வழிகளையும் ஒரே உரையின் மீது வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு துலங்கும். ஒரு கருவியின் நிலை அறிக்கை இப்படி வருகிறது:

சாதனம்: அச்சுப்பொறி 2
முகவரி: 10.0.0.7:9100
கடைசி இயக்கம்: 2024-03-05 22:15:04
குறிப்பு: தாள் சிக்கியிருந்தது;
    இப்போது எடுக்கப்பட்டது
குறிப்பு: மை 20% உள்ளது

பார்வைக்கு எளியது. ஆயினும் இந்த ஆறு வரிகளில் நான்கு சிக்கல்கள் உள்ளன: மதிப்புக்குள்ளேயே முக்காற்புள்ளி வருகிறது, சாவியின் நடுவே இடைவெளி இருக்கிறது, ஒரு மதிப்பு அடுத்த வரிக்கும் தொடர்கிறது, ஒரே சாவி இருமுறை வருகிறது.

வரியைப் பிரித்து முதல் குறியில் வெட்டுதல்

முக்காற்புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டி, முதல் துண்டைச் சாவியாகவும் இரண்டாம் துண்டை மதிப்பாகவும் எடுத்துக்கொள்வது தொடக்கநிலை நிரலாளர் எழுதும் முதல் வடிவம். இதில் முகவரி வரி மூன்று துண்டுகளாகும். 9100 என்ற போர்ட் எண் ஓசையின்றி மறையும். இயக்க நேரத்திலும் நிமிடமும் நொடியும் போய்விடும். முதல் முக்காற்புள்ளியில் மட்டும் வெட்டினால் இந்தத் தொல்லை தீர்கிறது. பைத்தானில் 2.5 ஆம் பதிப்பிலிருந்தே இதற்கென ‘பார்ட்டிஷன்’ என்ற சரச் செயல்பாடு உள்ளது. ஆனால் அதுவும் ஓரிடத்தில் ஏமாற்றும்: வரியில் முக்காற்புள்ளியே இல்லாவிட்டால் அது பிழை எழுப்பாது, முழு வரியையும் முதல் துண்டாகவும் மற்ற இரண்டையும் வெற்றுச் சரங்களாகவும் தரும். நடுத்துண்டு வெற்றா என்று சோதிக்காத நிரலில் ‘இப்போது எடுக்கப்பட்டது’ என்பது மதிப்பில்லாத ஒரு சாவியாகச் சேர்ந்துவிடும்.

தொடர்ச்சி வரிகளைக் கையாள்வதற்கு நாமாக விதி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1982 இல் வெளிவந்த ஆர்எஃப்சி 822 என்ற இணையத் தரநிலை ஆவணம் மின்னஞ்சல் தலைப்புகளுக்கு வகுத்த முறையே போதும்: இடைவெளியிலோ தாவலிலோ தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சி. டெபியன் பொதிகளின் கட்டுப்பாட்டுக் கோப்புகள் இதே மரபில் வந்தவை. நீண்ட விளக்கத்தின் நடுவே வெற்று வரி தேவைப்பட்டால், ஓர் இடைவெளியும் ஒரு புள்ளியும் மட்டும் கொண்ட வரியை அவை எழுதுகின்றன. இங்கே சோதனைகளின் வரிசை முக்கியம். உள்தள்ளல் இருக்கிறதா என்பதை முதலிலும் முக்காற்புள்ளியை அதன் பிறகும் பார்க்க வேண்டும். மாற்றிச் செய்தால், தொடர்ச்சி வரியின் நடுவே முக்காற்புள்ளி வரும் நாளில் அது புதிய சாவியாகிவிடும். இந்த மரபு எங்கும் நல்லது என்றும் சொல்ல முடியாது. வலைத்தளங்களுக்கான எச்டிடிபி நெறிமுறை இதை மின்னஞ்சலிடமிருந்து எடுத்துக்கொண்டு, வெவ்வேறு சேவையகங்கள் வெவ்வேறாகப் புரிந்துகொண்டதால் 2014 இல் வந்த ஆர்எஃப்சி 7230 இல் அதைக் கைவிட்டது. அதே ஆவணம், தலைப்பின் பெயருக்கும் முக்காற்புள்ளிக்கும் இடையே இடைவெளி வந்தால் அந்தக் கோரிக்கையைச் சேவையகம் மறுத்தேயாக வேண்டும் என்றும் சொல்கிறது. தாராளமாக ஏற்பதைவிடக் கண்டிப்பாக மறுப்பதே பாதுகாப்பு என்று இணையம் பட்டுத் தெளிந்த இடங்களுள் இது ஒன்று.

முதல் குறியில் வெட்டுவது எப்போதும் சரி என்றும் நினைத்துவிடக் கூடாது. லினக்ஸின் ‘ப்ராக்’ கோப்பமைப்பில், இயங்கும் ஒவ்வொரு செயலாக்கத்துக்கும் உள்ள ‘ஸ்டாட்’ கோப்பில் இரண்டாவது புலம் அடைப்புக்குறிகளுக்குள் அமைந்த நிரலின் பெயர். அந்தப் பெயருக்குள் இடைவெளியும் வரலாம், அடைப்புக்குறியும் வரலாம். ஆகவே அங்கே தேட வேண்டியது கடைசி மூடு அடைப்புக்குறியை. எந்தப் பக்கத்தில் இருப்பது கட்டுப்பாடற்ற உரை என்று தெரிந்துகொண்டு, எதிர்ப் பக்கத்திலிருந்து வெட்டுவதே பொதுவிதி.

இந்த வழியின் பெரிய நன்மை, இதில் மறைவு எதுவும் இல்லை என்பதே. ஒரு வரி தொடர்ச்சி, இணை, வெற்று, அறியாதது ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அறியாத வரியை வரி எண்ணோடு பிழையாக எழுப்பலாம். என் தேர்வு பெரும்பாலும் இதுவே. வேறு வழிக்குப் போகிறவர், இது ஏன் போதவில்லை என்பதற்கு உரையிலேயே சான்று காட்ட வேண்டும் என்பேன்.

ரெஜெக்ஸ்

ஒரு வரிக்குள்ளே நிலையான அமைப்பு இருக்குமானால் ரெஜெக்ஸ் தகுதியான கருவி. குழுக்களுக்குப் பெயரிட முடிவதால் பெயரே சாவியாகவும் பயன்படும். பதிவேட்டு வரி ஒன்றிலிருந்து தேதி, நிலை, செய்தி ஆகியவற்றைப் பிரிப்பது போன்ற வேலைகளில் வெட்டும் முறையைவிட இது தெளிவானது. தவறு நேர்வது, முழு உரையின் மீதும் ஒரே கோலத்தை ஏவும்போது.

மேற்கண்ட மாதிரியில் ‘வரித் தொடக்கம், பிறகு முக்காற்புள்ளி அல்லாத எழுத்துகள், முக்காற்புள்ளி, விருப்பமான இடைவெளி, வரி முடிவு வரை மதிப்பு’ என்ற கோலத்தைப் பல்வரி முறையில் ஓட்டிப் பாருங்கள். முக்காற்புள்ளி அல்லாத எழுத்துகள் என்று பொருள்படும் [^:]+ என்ற பகுதி, புதுவரிக் குறியையும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே ‘இப்போது எடுக்கப்பட்டது’ என்ற தொடர்ச்சி வரியும் அடுத்த வரியின் ‘குறிப்பு’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு, இரண்டு வரி நீளச் சாவி ஒன்று பிறக்கும். இன்னொரு பொறி இடைவெளிக்கான வகைக்குறியில் உள்ளது. அதுவும் புதுவரியை விழுங்கக்கூடியது. ஒரு சாவிக்கு மதிப்பே இல்லாமல் வரி முடிந்தால், கோலம் அடுத்த வரிக்குத் தாவி அந்த முழு வரியையும் மதிப்பாக எடுத்துக்கொள்ளும். இரண்டு இடங்களிலும் பிழைச் செய்தி எதுவும் வராது. கோலத்தோடு பொருந்தாத வரிகள் விடையில் இடம்பெறாமலே போவதும் அப்படித்தான். ரெஜெக்ஸ் தேடித் தருவது கிடைத்தவற்றை மட்டுமே, விடுபட்டவற்றைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

நேரச் செலவும் உண்டு. பின்வாங்கித் தேடும் ரெஜெக்ஸ் பொறிகள் சில கோலங்களில், உரையின் நீளம் கூடக்கூட வரம்பின்றித் தாமதமாகும். 2016 ஜூலையில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடங்கள் முடங்கியது, வரியின் ஓரத்து இடைவெளிகளை நீக்கும் ஒரு சாதாரணக் கோலத்தால். ஒரு பதிவில் ஏறத்தாழ 20,000 இடைவெளிக் குறிகள் தொடர்ந்து இருந்ததே காரணம். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேரின் பிணையம் முழுதும் தடுமாறியதற்கும் ஒற்றைக் கோலமே காரணம். இரண்டையும் அந்தந்த நிறுவனங்களே விளக்கி எழுதியுள்ளன. கூகுள் 2010 இல் வெளியிட்ட ஆர்இ2, கோ மொழியின் ரெஜெக்ஸ் பொறி ஆகியவை உரையின் நீளத்துக்கு நேர்விகிதத்திலான நேரத்தில் முடிப்பதாக உறுதி தருகின்றன. பின்சுட்டு (முன்பு பொருந்திய துண்டையே மீண்டும் தேடுவது) போன்ற சில வசதிகளை அதற்காக விட்டுக்கொடுத்திருக்கின்றன. வெளியாள் அனுப்பும் உரையைப் பகுப்பவர்களுக்கு அந்தப் பேரம் இலாபமானது.

ஆயத்த வடிவங்கள்

‘இது ஏறக்குறைய யாமல்தானே’ என்ற எண்ணம் கவர்ச்சியானது. நம் மாதிரியை பைத்தானின் பையாமல் லைப்ரரியிடம் கொடுத்தால், அது உண்மையிலேயே படித்துவிடும். முகவரியில் முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லாததால் அது முழுதாக வரும். தொடர்ச்சி வரியும் அழகாக இணையும். ஆனால் இரண்டு ‘குறிப்பு’களில் முதலாவது காணாமற்போயிருக்கும். சாவிகள் தனித்தன்மையோடு இருக்க வேண்டும் என்று யாமல் வரையறை சொன்னாலும், பையாமல் எதிர்ப்பின்றிக் கடைசி மதிப்பை வைத்துக்கொள்கிறது. இயக்க நேரம் சரமாக அன்றி, தேதி–நேரப் பொருளாக மாறியிருக்கும்.

வகையை ஊகிக்கும் இந்தப் பழக்கம்தான் ஆபத்தானது. யாமல் 1.1 இல் நார்வேயின் நாட்டுக் குறியீடான இரண்டெழுத்து ‘நோ’ (NO), பொய் என்ற பூலியன் மதிப்பாகிவிடும் கதை பலரும் அறிந்தது. அதைவிட நுட்பமானது நேரம்: அதே 1.1 விதிகளின்படி 22:15 என்பது அறுபதடிமான எண்ணாகக் கொள்ளப்பட்டு 1335 ஆகும். 08:15 சுழியில் தொடங்குவதால் சரமாகவே நிற்கும். பத்து மணிக்கு முந்தைய காலை நேரங்களை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு மாலையில்தான் தெரியவரும். 2009 இல் வந்த 1.2 பதிப்பின் வகை விதிகள் இவற்றைக் கைவிட்டபோதிலும், பையாமல் இன்றும் 1.1 விதிகளையே பின்பற்றுகிறது. இடைவெளிக்குப் பின் எண் குறியான # வந்தால் அதற்குப் பிந்தியவை குறிப்புரையாகக் கருதப்பட்டு வெட்டப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘அறை #3’ என்று எழுதியவர் ‘அறை’ என்பதையே திரும்பப் பெறுவார். வகை ஊகிப்பு யாமலுக்கு மட்டும் உரிய நோயன்று. எக்செல் சில மரபணுக்களின் குறியீடுகளைத் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்தக் குறியீடுகளையே மாற்றியது; அதன் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டி இந்த மாற்றத்தைப் பதிவு செய்கிறது.

அமைவுக் கோப்புகளுக்கான ஐஎன்ஐ வடிவத்துக்குப் பொதுவான தரநிலை இல்லை. பைத்தானின் கான்ஃபிக்பார்சர் நம் மாதிரியைப் பகுதித் தலைப்பு இல்லை என்று முதல் வரியிலேயே மறுத்துவிடும். தலைப்பு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் இரட்டைச் சாவியைக் காரணம் காட்டி மறுக்கும். அதையும் நீக்கிவிட்டு மதிப்பைக் கேட்டால் ‘மை 20%’ என்பதிலுள்ள விழுக்காட்டுக் குறியில் தடுக்கி நிற்கும். அந்தக் குறிக்கு அங்கே பதிலீட்டுப் பொருள் உண்டு. எரிச்சலூட்டும் நடத்தைதான், ஆனால் மூன்றும் வெளிப்படையான மறுப்புகள். டோமல் இன்னும் கண்டிப்பானது: சரங்களுக்கு மேற்கோள்குறி கட்டாயம், இரட்டைச் சாவி பிழை, ஆங்கில எழுத்தல்லாத சாவிக்கும் மேற்கோள்குறி தேவை. ஜேசனில் ஒரே பெயர் இருமுறை வந்தால் விளைவு முன்கூட்டிச் சொல்ல முடியாதது என்று 2017 இன் ஆர்எஃப்சி 8259 ஒப்புக்கொள்கிறது. பல பார்சர்கள் கடைசியானதை வைத்துக்கொள்ளும்.

ஆகவே உரையை எழுதுபவரும் நம் ஆளுகையில் இருந்தால், கைப்பட எழுதும் கோப்புக்கு டோமலும், நிரல் எழுதி நிரல் படிப்பதற்கு ஜேசனும் நல்ல தேர்வு, பைத்தான் 3.11 முதல் டோமலைப் படிக்கும் பார்சர் மொழியோடே வருகிறது. எழுதுபவர் வேறொருவராக இருந்து, அவர் யாமல் என்று ஒருபோதும் சொல்லாத உரையை யாமல் பார்சரிடம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தற்செயலாகப் பொருந்துவது ஒப்பந்தம் ஆகாது.

இலக்கணமும் மொழி மாதிரியும்

மதிப்புக்குள் மேற்கோள்குறி, அதற்குள் விடுவிப்புக் குறி, அடுக்கடுக்கான அடைப்புகள் என்று உரை வளர்ந்துவிட்டால் வெட்டும் முறையும் ரெஜெக்ஸும் தாங்கா. அப்போது உரையின் அமைப்பு விதிகளை இலக்கணமாக வகுப்பதே முறை. பிரையன் ஃபோர்டு 2004 இல் முன்வைத்த பெக் (PEG) இலக்கணங்கள் கற்க எளியவை, பைத்தானே 3.9 பதிப்பில் அத்தகைய பார்சருக்கு மாறியது. பெக்கில் தெரிவுகளின் வரிசைக்குப் பொருள் உண்டு என்பதை மறக்கக் கூடாது: குறுகிய தெரிவை முதலில் எழுதிவிட்டால், அதையே முன்னொட்டாகக் கொண்ட நீண்ட தெரிவு எட்டப்படாமலே போகும். பார்சரை உருவாக்கித் தரும் கருவியின் உதவியின்றிக் கைப்பட எழுதும் இறங்குமுகப் பார்சரும் (மேல் விதியிலிருந்து உள்விதிகளுக்கு இறங்கிப் படிப்பது) தாழ்ந்ததன்று. ஜிசிசி கம்பைலர் தன் சி++ பார்சரை, அத்தகைய கருவி தந்ததிலிருந்து கைப்பட எழுதியதற்கே மாற்றியது. முழு உரையும் இலக்கணத்துக்குள் அடங்கினால் ஒழிய ஏற்பதில்லை என்பதும், எந்த வரியில் எந்த நிலையில் பொருந்தவில்லை என்று காட்ட முடிவதும் இந்த வழியின் சிறப்பு. தட்டையான சாவி–மதிப்பு உரைக்கு இது மிகை.

பெருமொழி மாதிரி எதிர்முனையில் நிற்கிறது. ‘நேற்று இரவு தாள் சிக்கியது, ஒன்பது மணிக்குமேல் சரிசெய்தோம்’ என்பது போன்ற கட்டற்ற வாக்கியத்திலிருந்து இணைகளை எடுக்க மேற்கண்ட மற்ற வழிகளால் இயலாது. விடையை ஒரு ஸ்கீமாவுக்குள் (முன்வகுத்த புலங்களும் அவற்றின் வகைகளும்) கட்டுப்படுத்தும் வசதியும் இப்போது உண்டு. ஆனால் ஸ்கீமா உறுதி செய்வது வடிவத்தை மட்டுமே, உள்ளிருப்பது உண்மையா என்பதை அன்று. இல்லாத மதிப்பை இட்டு நிரப்புவது இதன் இயல்பான தவறு, அதுவும் மிக நம்பகமான தோற்றத்தில். எளிய காப்பு ஒன்று உண்டு: ஒவ்வொரு மதிப்போடும் அது எடுக்கப்பட்ட மூலத் துண்டையும் எழுத்து மாறாமல் கேட்டுப் பெற்று, அத்துண்டு மூல உரையில் இருக்கிறதா என்று சாதாரணச் சரத் தேடலால் சோதிப்பது. முக்காற்புள்ளியில் வெட்டி முடிக்கக்கூடிய உரைக்கு இந்தச் செலவும் நிச்சயமின்மையும் தேவையில்லை. அறிமுகமில்லாத உரையின் எடுத்துக்காட்டுகளைக் காட்டிப் பார்சரை எழுதித் தரச் சொல்வது, அந்த மொழி மாதிரியையே பார்சராக நிறுத்துவதைவிடப் பல வேளைகளில் மேல்.

எந்த வழியானாலும்

டிக்ஷனரியில் நேராக எழுதாமல், முதலில் வரி எண், சாவி, மதிப்பு ஆகிய மூன்றும் கொண்ட பட்டியலாகச் சேர்ப்பது நல்லது. மதிப்புகள் அந்தக் கட்டத்தில் சரங்களாகவே இருக்கட்டும். இரட்டைச் சாவி வந்தால் முதலாவதை வைப்பதா, கடைசியை வைப்பதா, இரண்டையும் பட்டியலாக்குவதா, மறுப்பதா என்பது சாவிக்குச் சாவி மாறக்கூடிய முடிவு: நம் மாதிரியில் ‘குறிப்பு’ பலமுறை வரலாம், ‘முகவரி’ வரக் கூடாது. எண்ணாக்குவதும் தேதியாக்குவதும் சாவியின் பெயரை அறிந்த இரண்டாம் கட்டத்தின் வேலை. அங்கே தவறினால் வரி எண்ணைச் சொல்லிப் பிழை எழுப்பலாம்.

சாவிகள் தமிழில் இருந்தால் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் பொறியில் ‘சொல்லெழுத்து’ என்ற வகைக்குறி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஏற்பதில்லை. ‘பெயர்’ என்ற சொல் ‘ப’ என்றும் ‘யர’ என்றும் இரண்டாக உடையும். தனியே நிறுவக்கூடிய ‘ரெஜெக்ஸ்’ என்ற பெயருடைய லைப்ரரியில் இக்குறை இல்லை. சாவியை எழுத்து வகையால் அடையாளம் காணாமல் முக்காற்புள்ளிக்கு முன் உள்ளவை என்று கொண்டால் சிக்கலே எழாது. அடுத்தது, ‘கொள்ளளவு’ என்பதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, டிக்ஷனரிக்கு அவை வெவ்வேறு சாவிகள். சேர்ப்பதற்கு முன் சாவிகளை எல்லாம் (இரண்டு குறிகளை ஒற்றைக் குறியாகச் சேர்க்கும்) யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு இயல்பாக்குவதும், கோப்பின் தலையில் ஒளிந்திருக்கும் பைட்டு வரிசைக் குறியையும், ஓர இடைவெளி நீக்கத்துக்கு அகப்படாத சுழி அகல இடைவெளியையும் களைவதும், மதிப்புகளைத் தொடாமல் சாவிகளுக்கு மட்டும் செய்ய வேண்டியவை.